முதல் பெட்டி

பெட்ரோல் விலை நான்கு இலக்கத்தைத் தொட்ட வருஷம் சூரன்பட்டியில் முதலில் நின்றுபோனது மினிபஸ். அடுத்து மேலத்தெருவில் இருந்த ஏழு கார்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஒன்றில் கோழி அடைந்தது. இன்னொன்றில் வெங்காயம் காய்ந்தது. புல்லட் வைத்திருந்த ஒருவர் அதை விற்றுவிட்டு வீறாப்பாக ஒரு ஜோடி மாடு வாங்கினார்; மாட்டுக்கும் தினமும் ஏதாவது போட வேண்டியிருக்கிறது என்பது மூன்றாம் நாள்தான் அவருக்கு உறைத்தது. கரண்டு வண்டி வாங்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஊரிலும் அதைத்தான் கேட்டார்கள். உலகம் பூராவும் அதையே கேட்டதில் பேட்டரிக்கு வேண்டிய உலோகம் பெட்ரோலையும் முந்திக்கொண்டு விலை ஏறிவிட்டது.

அப்போதுதான் சரம் வந்தது.

முன்னால் ஒரு சின்னத் தலைவண்டி; அதில் எஞ்சினும் ஓட்டுபவரின் சீட்டும் மட்டும். அதன் பின்னால் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக் கோத்த பெட்டிகள். பெட்டி என்றால் இரண்டு சக்கரம், ஒரு சீட்டு, வெயிலுக்கு ஒரு கூரை, கையால் இழுத்து வர முன்னால் ஒரு பிடி, அவ்வளவுதான். கார் வைத்துக் கட்டுப்படியாகாத காலத்தில் ஜனங்கள் பெட்டி வாங்கினார்கள். காலையில் வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு உருட்டி வந்து கோத்துவிட்டு ஏறி உட்கார்ந்தால் கோவில்பட்டி போய்ச் சேரலாம். நாலு பேர் வந்தால் நாலு பெட்டி, பதினாலு பேர் வந்தால் பதினாலு. ஆளில்லாத சீட்டை எண்ணெய் ஊற்றி இழுக்கிற வேலை இல்லை.

சூரன்பட்டித் தடத்தின் தலைவண்டி வேலுத்தாய் கையில் இருந்தது. முப்பத்தெட்டு வயது, ஷேர் ஆட்டோ ஓட்டிப் பழகிய கை. நின்றுபோன மினிபஸ்ஸில் அவள் கணவன் தங்கப்பாண்டி கண்டக்டராக இருந்தான். பஸ் போனதும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். "நீயும் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்துரு" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். மகள் பூங்கோதை கோவில்பட்டியில் பத்தாம் வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. நடுவில் அவளைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் புது ஊரில் நட வேலுத்தாய்க்கு மனம் வரவில்லை. சரத்துக்கு விண்ணப்பம் போட்டாள், கிடைத்தது.

கிடைத்ததில் ஒரு கொக்கி இருந்தது. டீசலை மாதா மாதம் மாவட்டத்தில் அளந்து கொடுப்பார்கள். தொட்டியின் மூடிக்குப் பூட்டு; வெளியிலிருந்து ஒரு சொட்டு ஊற்ற முடியாது. கொடுத்த அளவுக்குள் காலையும் மாலையும் ஒரு நடைகூடத் தவறாமல் ஓட்ட வேண்டும். மூன்று மாதம் சோதனை. சமாளித்தால் தடம் நிலைக்கும். இல்லையென்றால் தலைவண்டி வேறு ஊருக்குப் போய்விடும், வேலுத்தாயும் பூங்கோதையும் திருப்பூருக்குப் போவார்கள்.

முதல் நாள் காலையிலேயே சிக்கல் வந்தது.

தலைவண்டியில் முகம் பார்க்கிற கண்ணாடி அளவுக்கு ஒரு பலகை இருந்தது. பெட்டிகள் வந்து நின்றதும் ஒவ்வொன்றையும் எடை பார்த்து, எது எதற்குப் பின்னால் என்று வரிசை சொல்லும். கனமானது முன்னால், லேசானது வாலில். அன்று அது முதலில் போடச் சொன்னது கீழத்தெருச் சவரிமுத்துவின் பெட்டியை. சவரிமுத்து கொத்தனார், ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார். ஒற்றைச் சீட்டில் அடங்காமல் இரட்டைச் சீட்டுப் பெட்டி வாங்கியவர். கடைசியில் போடச் சொன்னது மேலத்தெருக் கோதண்டத்தின் பெட்டியை. கோவில்பட்டியில் வத்தல் மண்டி வைத்திருப்பவர், கோயில் கமிட்டித் தலைவர், உடம்பு ஈர்க்குச்சி.

"ஏ தாயி, நம்ம பெட்டிய முதல்ல மாட்டு" என்றார் கோதண்டம்.

"உங்களக் கடைசியில போடச் சொல்லுது அண்ணாச்சி."

"யாரு சொல்லுதா?"

"இந்தப் பலகைதான். எடையப் பாத்துச் சொல்லுது."

"கோயில்ல முதல் திருநீறு எந்த வீட்டுக்குன்னு அதுகிட்டச் சொன்னியா?"

வேலுத்தாய் சவரிமுத்துவின் பெட்டிக் கொக்கியில் கை வைத்தாள்.

"சவரிமுத்து பெட்டிக்குப் பின்னால நான் போகணுமா? கோவில்பட்டி வரைக்கும் அவன் முதுகப் பாத்துக்கிட்டா?"

மேலத்தெருக்காரர்கள் ஒருவரும் பெட்டியில் ஏறவில்லை. எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள். இவர்கள் பெட்டியைத் திருப்பி உருட்டிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் யாரை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது? அவள் கோதண்டத்தின் பெட்டியை முதலில் மாட்டினாள். அதற்குப் பின்னால் மேலத்தெரு முழுவதும். வாலில் கீழத்தெரு. சவரிமுத்து ஒன்றும் சொல்லாமல் தானே கொண்டுபோய்க் கடைசிக் கொக்கியில் மாட்டிக்கொண்டார். அவர் சண்டைக்கு வந்திருந்தால்கூட வேலுத்தாய்க்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மினிபஸ் இருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஏறியவர் காலியான சீட்டில் உட்கார்ந்தார். கூட்டம் நெருக்கினால் யாராக இருந்தாலும் தோள் இடித்துத்தான் தீர வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க ஆளுக்கொரு பெட்டி என்று வந்ததும், பஸ் அரைகுறையாக அழித்து வைத்திருந்த கோட்டை ஊர் மறுபடி அழுத்திப் போட்டுக்கொண்டது. பெட்டியைக் கண்டுபிடித்தவர்கள் எங்கோ குளிரூட்டிய அறையில் இருந்து கண்டுபிடித்தவர்கள். அவர்கள் காற்றைப் பற்றியும் கனத்தைப் பற்றியும் யோசித்திருந்தார்கள். சூரன்பட்டியைப் பற்றி யோசிக்கவில்லை.

முதல் மாதம் அளவு தாண்டியது. இரண்டாம் மாதமும் தாண்டியது. இரண்டு தடவையும் அவசரக் கையிருப்பிலிருந்து கொஞ்சம் கொடுத்துச் சமாளித்தார்கள். இரண்டாம் மாதக் கடைசியில் இன்னொன்றும் நடந்தது. ஓடைப் பாலத்து வளைவில் சரத்தின் வால் ஆடி, சவரிமுத்துவின் பெட்டி மைல் கல்லில் போய் மோதியது. முழங்கை தோல் உரிந்து ரத்தம் கொட்டியது. வேலுத்தாய் ஓடிப் போய்த் தன் முந்தானையால் கட்டுப் போட்டாள். கட்டுப் போட்டது அவளாக இருக்கலாம், காயப்படுத்தியதும் அவள்தான். அது அவளுக்குத் தெரியும்.

"விடு தங்கச்சி, கரண்டி புடிக்கிற கை இல்ல, மத்தக் கைதான்" என்றார் சவரிமுத்து.

மறுநாள் மாவட்டத்திலிருந்து ரிஸ்வானா வந்தாள். சரங்களைப் பார்வையிடும் இன்ஜினியர், காயல்பட்டினத்துப் பெண், வேலுத்தாயைவிடப் பத்து வயது சின்னவள். பலகையில் விரல் வைத்து இரண்டு மாத ஓட்டத்தையும் புரட்டிப் பார்த்தாள்.

"ஒரு நாள்கூடப் பலகை சொன்ன வரிசையில நீங்க மாட்டல. ஏன்க்கா?"

வேலுத்தாய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"கனத்த முன்னால போட்டாத்தான் ஆகும்னு அது ஏன் மேடம் அடம் புடிக்குது?" என்று அவள் கேட்டாள்.

"நீங்க தண்ணிக் குடத்த இடுப்புல வச்சு நடப்பீங்களா, கைய நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நடப்பீங்களா?"

"இடுப்புலதான்."

"கனம் உடம்போட ஒட்டி இருந்தா நாம சொன்னபடி கேக்கும். தள்ளிப் போயிட்டா அது சொன்னபடி நாம ஆடணும். வால்ல கனம் இருந்தா வளைவுல வால் ஆடுது. வால் ஆடினா தலைவண்டி பயந்துபோய்த் தானா பிரேக் போடுது. பிரேக் போட்டுப் போட்டு மறுபடி வேகம் எடுக்கிறதுலதான் உங்க டீசல் பூரா போகுது. வேற எங்கயும் போகல."

"மூணாவது மாசமும் தாண்டிட்டா?"

"கையிருப்பு இனிமே கிடையாது. டீசல் தீர்ந்து ஒரு நடை விட்டுப் போச்சுன்னா மறுநாளே தடம் ரத்து. அதை நான் முடிவு பண்றதில்ல, அந்தப் பலகையே மேல சொல்லிரும்." கிளம்பும்போது அவள் வேலுத்தாயின் தோளைத் தொட்டாள். "நான் வந்து அவங்ககிட்டப் பேசலாம்க்கா. ஆனா நான் போனதுக்கு அப்புறம் நீங்கதானே இங்க இருக்கணும்?"

அந்தக் கேள்வி வேலுத்தாயை உலுக்கிவிட்டது. மூன்றாம் மாதம் முதல் நாள் காலையில் அவள் தலைவண்டியில் ஏறி நின்று, பலகை சொன்ன வரிசையை உரக்கப் படித்தாள். முதல் பெட்டி சவரிமுத்து. கடைசிப் பெட்டி கோதண்டம்.

"யாருக்குப் பிடிக்கலயோ நடந்து வாங்க. இருபத்திரண்டு கிலோமீட்டர்தான்" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

கோதண்டம் பெட்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மேலத்தெருவில் நாலைந்து பேர் அவர் பின்னால் போனார்கள். மற்றவர்களுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, முறைத்துக்கொண்டே ஏறினார்கள். சரம் அன்று ஓடைப் பாலத்து வளைவைத் திரும்பியபோது வால் ஆடவே இல்லை. வேலுத்தாய் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆறு நாள் கழித்துக் கோதண்டம் திரும்பி வந்தார். பெட்டியை அவரால் தனியாக இழுக்க முடியவில்லை. மண்டி ஆட்கள் இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நிறுத்தத்தில் வந்து நின்றதும் பலகை அவர் பெயரை முதலில் போட்டது.

வேலுத்தாய் இறங்கிப் போய்ப் பார்த்தாள். சீட்டுக்கு அடியில் ஓர் ஆட்டுக்கல் இருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"ஆட்டுக்கல்லு. பாத்ததில்லயா?"

"இத எதுக்குக் கோவில்பட்டிக்கு?"

"கொத்தணும். தேஞ்சு போச்சு." அவர் ஏறி உட்கார்ந்தார். "கனந்தான முதல்ல? உன் பலகைய மீறி நான் ஒண்ணும் கேக்கல."

ஆட்டுக்கல் சாயங்காலம் கொத்தாமலே திரும்பி வந்தது. மறுநாளும் போனது. போகட்டும், ஒரு கல்தானே என்று விட்டிருக்கலாம். ஆனால் கோதண்டம் முதலில் போவதைப் பார்த்து அவர் பங்காளி ஒருவர் ரெண்டாவது இடத்துக்கு அம்மிக்கல்லை ஏற்றினார். அவருக்குப் பின்னால் போகப் பிடிக்காத சம்பந்தி கருங்கல் தூண் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்தார். வாத்தியார் வீட்டில் பழைய தையல் மிஷின். கீழத்தெருவும் சும்மா இருக்கவில்லை. இத்தனை காலத்துக்கு அப்புறம் கிடைத்த முதல் பெட்டியை ஒரு கல்லுக்கு விட்டுக்கொடுப்பதா என்று அங்கே இளவட்டங்கள் கொதித்துப்போய், இறுகிக் கல்லாகிப்போன சிமெண்ட் மூட்டையைச் சவரிமுத்துவின் பெட்டியில் தூக்கிப் போட்டார்கள். வேண்டாம் என்று அவர் ஒரு தடவை சொன்னார், இரண்டாம் தடவை சொல்லவில்லை. முதலில் போவது அவருக்கும் பிடித்திருந்தது.

பலகைக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது? அது பாட்டுக்கு எடை பார்த்து வரிசை சொன்னது. டீசலை மிச்சம் பிடிக்க வந்த வண்டி, இருபத்திரண்டு கிலோமீட்டர் கல்லைச் சுமந்துகொண்டு போய்விட்டுக் கல்லைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தது.

வேலுத்தாய் ரிஸ்வானாவுக்குப் போன் போட்டாள். பெட்டியில் சாமான் ஏற்றக் கூடாது என்று விதி இல்லையாம். ஜனங்கள் அரிசியும் காய்கறியும் கொண்டுபோக வேண்டாமா? ஊர்க்காரர்களிடம் கெஞ்சினாள். இருபத்தைந்தாம் தேதி நிறுத்தத்தில் நின்று, "டீசல் மாசக் கடைசிக்குக் காணாது, கல்லை இறக்குங்க" என்று கத்தினாள். அவங்க இறக்கட்டும், நாங்க இறக்குறோம் என்று இரண்டு பக்கமும் ஒரே பதிலைச் சொன்னார்கள். வேறு எதிலாவது இரண்டு தெருவும் இவ்வளவு ஒற்றுமையாகப் பேசி அவள் கேட்டதில்லை.

மாதத்தின் கடைசி நாள். கடைசி நடை. சாயங்காலம் ஆறு மணிக்குள் சூரன்பட்டி நிறுத்தத்துக்குச் சரம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். கண்மாய்க் கரை ஏற்றத்தில் எஞ்சின் இரண்டு முறை இருமியது, அப்புறம் அடங்கிவிட்டது. ஊருக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர். மணி ஐந்து.

வேலுத்தாய் இறங்கி ரோட்டில் நின்றாள். முப்பது பெட்டியிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன.

"என்னாச்சு?"

"தீந்துபோச்சு."

பிறகு ஒருவர் மெல்ல, "சரி, கொக்கியக் கழட்டிட்டு அவங்கவங்க பெட்டிய உருட்டிக்கிட்டுப் போவோம், மூணு கிலோமீட்டர்தான" என்றார். இரண்டு பேர் இறங்கிக் கொக்கியில் கை வைத்தார்கள்.

"கொக்கியத் தொடாதீங்க!" வேலுத்தாய் போட்ட சத்தத்தில் அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். "கழட்டினா நடை முடியலன்னு மேல போயிரும். நாளைக்குக் காலைல இந்த இடத்துல வண்டி இருக்காது. உங்களுக்கு மறுபடி எப்ப வண்டி வரும்னு யாருக்கும் தெரியாது. நான் என் பிள்ளையக் கூட்டிக்கிட்டுத் திருப்பூருக்குப் போறேன். அவ இனிமே எங்க படிப்பா, படிப்பாளா மாட்டாளா, அதுவும் தெரியாது." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க அவள் முயலவில்லை. வால் பக்கத்துப் பெட்டியில் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதுக்கு என்ன செய்யணும்ங்கிற?" என்றார் கோதண்டம்.

வேலுத்தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் அதை யோசித்துச் சொல்லவில்லை. மூன்று மாதமாக உள்ளே கிடந்தது தானாக வந்துவிட்டது.

"முதல் மரியாதை உங்களுக்குத்தான அண்ணாச்சி? தேருக்கு முதல் வடம் யாரு புடிக்கா? நீங்கதான புடிக்கீங்க. இறங்குங்க. வந்து புடிங்க."

பெட்டிக்குள் யாரோ கொல்லென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். கோதண்டத்தின் காது மடல் சிவந்தது. ஒரு பெண்பிள்ளை நடுரோட்டில் இப்படிக் கேட்டு அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. இறங்கினார். நேராக ஊரைப் பார்த்து நடந்து போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் தலைவண்டிக்கு முன்னால் போய் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்தார்.

"வடம் எங்க?" என்றார்.

வடம் சவரிமுத்துவிடம் இருந்தது. சாரம் கட்டுகிற கயிறு, இரண்டு சுருள். அவர் பெட்டியிலிருந்து அதை எடுத்து வந்து தலைவண்டியின் முன்பக்க வளையத்தில் இரண்டு வரிசையாகக் கட்டினார். கட்டி முடித்துவிட்டுக் கயிற்றின் நுனியைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். சூரன்பட்டித் தேரின் வடத்தில் கீழத்தெருக்காரர் கை பட்டதே கிடையாது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும், அதை யாரும் வாயால் சொல்லவும் இல்லை.

முதலில் கற்களை இறக்கினார்கள். ஆட்டுக்கல்லை உருட்டிவிட நாலு பேர் வேண்டியிருந்தது. அம்மி, தூண் துண்டு, சிமெண்ட் மூட்டை, தையல் மிஷின் என்று கண்மாய்க் கரையில் ஒரு வீட்டுக்கு வேண்டிய சாமான் சேர்ந்துவிட்டது. கோதண்டத்தின் பெட்டி அச்சு வளைந்து, ஒரு சக்கரம் உள்பக்கமாகச் சாய்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தார்கள். வயதானவர்களும் பிள்ளைகளும் பெட்டிகளிலேயே இருக்க, மற்றவர்கள் இறங்கினார்கள்.

கோதண்டம் துண்டை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்து இழுத்தார். மேலத்தெரு ஆண்கள் ஆறேழு பேர் அவருக்குப் பின்னால் பிடித்தார்கள். தலைவண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது. மறுபடி இழுத்தார்கள். கோதண்டம் சறுக்கி முட்டி போட்டு விழுந்தார், எழுந்து மறுபடி பிடித்தார். ஏற்றம் இன்னும் பாதி பாக்கி இருந்தது. மணி ஐந்தே கால்.

அவர் திரும்பிப் பார்த்தார். சவரிமுத்து கைகளைக் கட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றிருந்தார், அவரோடு கீழத்தெருக்காரர்கள் எல்லோரும்.

"என்னய்யா வேடிக்க பாக்க?" என்றார் கோதண்டம். மூச்சு வாங்கியது. "பிடியேன்."

"பிடிக்கவா ஐயா?" என்றார் சவரிமுத்து. கிண்டலாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று வேலுத்தாய்க்குத் தெரியவில்லை.

"பிடின்னுதான சொல்லுதேன். என்னய என்ன, கெஞ்சச் சொல்லுதியா?"

சவரிமுத்து வந்து அவருக்கு நேர் பின்னால் கயிற்றைப் பிடித்தார். அவர் பிடித்ததும் கயிறு விறைத்தது. கீழத்தெருவிலிருந்து பத்துப் பேர் இரண்டு வரிசையிலும் இடம் பார்த்துப் புகுந்தார்கள். பெண்கள் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளினார்கள். வேலுத்தாய் தலைவண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். சரம் ஏற்றத்தைத் தாண்டி இறக்கத்தில் உருள ஆரம்பித்ததும் யாரோ ஒருவர் தேர் இழுக்கும்போது போடுகிற சத்தத்தைப் போட்டார். பழக்க தோஷம். மற்றவர்களும் சேர்ந்து போட்டார்கள், கீழத்தெருக்காரர்களும் போட்டார்கள். அந்தச் சத்தத்தை அவர்கள் தூரத்தில் நின்று கேட்டிருக்கிறார்கள், போட்டதில்லை.

ஊர் எல்லையில் சத்தம் கேட்டு ஜனங்கள் வெளியே வந்தார்கள். கோதண்டத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் சவரிமுத்து. இரண்டு பேரும் ஒரே கயிற்றில். பார்த்தவர்கள் என்ன ஏது என்று கேட்காமல் நின்றுவிட்டார்கள். ஒரு பெண் குடத்தில் தண்ணீர் கொண்டு ஓடி வந்தாள். குடம் கை மாறிக்கொண்டே போனது. எந்தத் தெருக் குடம் என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. மறுநாளாக இருந்தால் பார்த்திருப்பார்கள்.

நிறுத்தத்தில் தலைவண்டியின் சக்கரம் கோட்டைத் தொட்டபோது மணி ஐந்து ஐம்பத்தாறு. நடை முடிந்தது என்று பலகை வழக்கம்போல எழுத்தில் காட்டியது. வேலுத்தாய் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பூங்கோதை வந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் மாவட்டத்திலிருந்து டீசல் வண்டி வந்து புது மாதத்து அளவை ஊற்றிவிட்டுப் போனது. அதற்குப் பின்னாலேயே ரிஸ்வானாவின் போன்.

"அக்கா, உங்க தடம் உறுதியாயிடுச்சு. ஆனா ஒரு விஷயம் புரியல. தொட்டி காஞ்சதுக்கு அப்புறம் வண்டி மூணு கிலோமீட்டர் ஓடியிருக்கு. பலகை ஏதும் பழுதா?"

"பழுது இல்ல மேடம். இழுத்தோம்."

"யாரு?"

"எல்லாரும்."

"எல்லாருமா?" என்று ரிஸ்வானா மறுபடி கேட்டாள்.

"ஆமா மேடம். நானே இன்னும் முழுசா நம்பல."

அவள் போனை வைத்துவிட்டு வரிசையைப் பார்த்தாள். அன்று ஒரு பெட்டியிலும் கல் இல்லை. நேற்று இழுத்த கைகளுக்கு அதைத் திருப்பித் தூக்கிவரத் தெம்பில்லை. தையல் மிஷினுக்கு மட்டும் வாத்தியார் மகன் விடியுமுன்பே போய்விட்டு வந்திருந்தான். கோதண்டம் பெட்டி இல்லாமல் வெறுங்கையோடு நின்றிருந்தார். உள்ளங்கை இரண்டிலும் மருந்துத் துணி. அச்சைச் சரி செய்யப் பத்து நாளாகும் என்று பட்டறைக்காரன் சொல்லிவிட்டானாம். மேலத்தெருவில் எல்லாம் ஒற்றைச் சீட்டுப் பெட்டிகள், வாத்தியார் வீட்டு இரட்டையில் வாத்தியாரும் மனைவியும். அவர் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். மண்டியில் அன்று வத்தல் ஏலம், அவர் போகாமல் இருக்க முடியாது.

சவரிமுத்து தன் பெட்டியில் சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தார். அவர் நகர்ந்ததில் கிடைத்தது ஒரு ஜாண் இடம். கோதண்டத்துக்கு அது தாராளம்.

"வாங்க அண்ணாச்சி" என்றார்.

நேற்றுவரை ஐயாதான். கோதண்டம் அதைக் கவனித்தார் என்பதை வேலுத்தாய் கவனித்தாள். இந்த மனிதர் இப்போது திரும்பி நடந்தால் நேற்று நடந்ததெல்லாம் அவசரத்துக்கு நடந்தது என்று ஆகிவிடும். நாளைக்கு மறுபடி கல் ஏறும்.

கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூரையில் தலை இடிக்காமல் குனிந்து, ஏறி உட்கார்ந்தார். பெட்டி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பலகை எல்லாப் பெட்டிகளையும் எடை பார்த்தது. வேலுத்தாய் வரிசையைப் படித்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

"என்ன தாயி, நேரமாகுது" என்றார் கோதண்டம். "நம்ம பெட்டி எங்கன?"

"ரெண்டு பேரும் சேந்ததுல உங்க பெட்டிதான் கனம் அண்ணாச்சி" என்றாள் வேலுத்தாய். "முதல்ல."